ஞாயிறு கேட்ட வசனத்தை அடுத்த சனிக்கிழமைக்குள் செய்வது எப்படி? காவிரி டெல்டா சபைகளுக்கு ஒரு வழிமுறை

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்கள் சபையில் யாரையாவது பிடித்து, போன ஞாயிறு ஐயர், அதாவது சபைப் போதகர், எந்தப் பகுதியிலிருந்து பேசினார் என்று கேட்டுப் பாருங்கள். பாட்டு ஞாபகம் இருக்கும், யார் வீட்டுக் கல்யாண ஓலை வாசித்தார்கள் என்பது ஞாபகம் இருக்கும், பிரசங்கம் பத்து நிமிடம் கூடிப்போனது கண்டிப்பாக ஞாபகம் இருக்கும். வசனம் மட்டும் இருக்காது. இதற்கு ஐயரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கேட்டதை வைத்து ஏதாவது செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை, செய்யத் தேவையில்லாத விஷயம் மண்டையில் தங்காது, அவ்வளவுதான்.

சபை வளரவில்லை என்று கமிட்டியில் பேச்சு வந்தால் நம்மவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கூட்டம் போடுவது. மூன்று நாள் எழுப்புதல் கூட்டம், வெளியூர்ப் பேச்சாளர், புது கீபோர்டு, தெருமுனை வரைக்கும் டியூப்லைட். நாலு நாள் சூடு இருக்கும், அப்புறம் பந்தல்காரர் பாக்கியை யார் கொடுப்பது என்ற சண்டை இருக்கும். நான் சொல்லப்போவது செலவில்லாதது, ஆனால் கூட்டம் போடுவதைவிடக் கஷ்டமானது. வாரத்துக்கு ஒரு வேதபகுதி, அதிலிருந்து ஒரே ஒரு செயல், அடுத்த வாரம் அதைப் பற்றி ஒரு விசாரிப்பு. மயிலாடுதுறை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் எந்தப் பக்கம் இருந்தாலும், டி.இ.எல்.சி. (தமிழ் லுத்தரன் சபை), சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே எதுவாக இருந்தாலும் இதைச் செய்யலாம், கத்தோலிக்கர்கள் அன்பியம் என்கிற தெருக்குழுவிலேயே செய்யலாம்.

முதலில் பகுதியைத் தேர்ந்தெடுப்பது. வாக்குத்தத்த வசனத்தில் ஆரம்பிக்காதீர்கள். புத்தாண்டு ராத்திரி ஆராதனையில் அட்டை எடுக்கிறோமே, அதில் எல்லாம் 'நான் உன்னை ஆசீர்வதிப்பேன்' வகைதான் வரும். 'வேலைக்காரருடைய கூலியை அநியாயமாய்ப் பிடித்தீர்கள்' என்று ஒரு அட்டை இதுவரை யாருக்காவது வந்திருக்கிறதா? அச்சடிக்கவே மாட்டார்கள். அதனால் ஒற்றை வசனத்தைப் பிய்த்து எடுக்காமல் ஒரு புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து போங்கள். என்னைக் கேட்டால் புதிய ஏற்பாட்டில் இருக்கிற யாக்கோபு நிருபம். ஐந்தே அதிகாரம், 108 வசனம், நாக்கு, பணம், கூலி, உட்காரும் இடம், சண்டை, நோய் என்று நம் தெருவில் நடப்பதெல்லாம் அதில் இருக்கிறது. வாரத்துக்கு ஏழெட்டு வசனம் என்று போனால் மூன்று நான்கு மாதம் தாங்கும். அது முடிந்ததும் மாற்கு எடுக்கலாம். வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆரம்பிக்கலாம் என்று சபையில் ஒருவர் சொல்வார், எல்லாச் சபையிலும் ஒருவர் உண்டு, அவருக்கு டீ கொடுத்து அன்பாக மறுத்துவிடுங்கள்.

இடம் ஆலயம் வேண்டாம், வீடு. ஆலயத்தில் உட்கார்ந்தால் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் பழக்கம் தானாக வந்துவிடும். எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், பாய் விரித்துத் தரையில். வாசிக்கத் தெரியாத ஆயாக்கள் இருப்பார்கள், அதனால் சத்தமாக இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு ஆள் வாசிக்க வேண்டும். பழைய மொழிபெயர்ப்பு புரியவில்லை என்றால் பொது மொழிபெயர்ப்பையும் ஒருமுறை வாசியுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வாசித்து முடித்ததும் விளக்கம் சொல்ல யாரையும் விடாதீர்கள், குறிப்பாக ரிட்டையர்டு வாத்தியார்களை. கேட்க வேண்டிய கேள்வி மூன்றுதான். இந்தப் பகுதியைக் கேட்டால் யாருக்கு வலிக்கும்? நம் தெருவில் இது எங்கே நடக்கிறது? அடுத்த கூட்டத்துக்குள் நான் என்ன செய்யப்போகிறேன்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. 'இனிமேல் எல்லோரிடமும் அன்பாக இருப்பேன்' என்பது பதிலே இல்லை. ஆள் யார், நாள் எது, பணம் என்றால் எவ்வளவு, இது மூன்றும் சொல்ல வேண்டும். 'புதன்கிழமை சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்குப் போய், வாய்க்கால் மடையை அடைத்தது நான்தான் என்று சொல்லப்போகிறேன்' என்பது பதில். ஒரு நோட்டில் பெயருக்கு நேராக ஒரு வரி எழுதிவையுங்கள். அடுத்த வாரம் புதுப்பகுதிக்குப் போகுமுன் நோட்டை எடுத்து ஒவ்வொருவரையும் 'என்ன ஆச்சு?' என்று மட்டும் கேளுங்கள். செய்திருந்தால் கைதட்ட வேண்டாம், செய்யவில்லை என்றால் திட்ட வேண்டாம், எது தடுத்தது என்று கேட்டால் போதும். முதல் சில வாரம் பாதிப்பேர் நழுவுவார்கள், சிலர் அந்தக் கூட்டத்துக்கு மட்டும் தலைவலி என்று வராமலே இருப்பார்கள். விட்டுவிடுங்கள். வேறு யாரோ ஒருவர் சொன்னதைச் செய்துவிட்டு வந்து சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தில் ஒரு சங்கடம் தெரியும் பாருங்கள், அது நாற்பது நிமிடப் பிரசங்கத்தில் வராது.

இதெல்லாம் புதுசு என்று நினைக்காதீர்கள். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றதும், 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் 1708-ல் அவர் நாலு மாதம் சிறையில் கிடந்தாரே, அதற்குக் காரணமான தகராறில் ஒரு ஏழை விதவையின் கடன் வழக்கும் இருந்தது என்பதை நூற்றாண்டு விழா மேடைகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த விதவைக்காகப் பேசப்போய் டேனிஷ் ஆளுநரோடு முட்டிக்கொண்டார். புதிய ஏற்பாடு அச்சாவதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே, கடன்பட்ட ஒரு பெண்ணின் பக்கம் போய் நிற்பது வேதத்தில் சேர்ந்த வேலை என்று அவர் நினைத்திருக்கிறார். நமக்கு அச்சுப் புத்தகம், செல்போனில் ஒலி வேதாகமம் எல்லாம் இருக்கிறது, கடன்பட்டவர் வீட்டுக்குப் போவதற்கு மட்டும் நேரம் இல்லை.

சரி, செயல் என்று சொன்னால் எங்கே ஆரம்பிப்பது? டெல்டாவில் கூலியில் ஆரம்பியுங்கள்.

யாக்கோபு 5:4, லேவியராகமம் 19:13, உபாகமம் 24:15 மூன்றையும் ஒரே உட்காரலில் வாசியுங்கள். கூலியை விடியும்வரை வைத்திருக்காதே, பொழுது போகுமுன் கொடுத்துவிடு, அவன் அதன்மேல் ஆசையாய் இருக்கிறான். இதற்கு வியாக்கியானம் தேவையே இல்லை. 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் ராத்திரி, அரைப்படி நெல் கூலி கூடக் கேட்ட தகராறின் முடிவில் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தது நம் பக்கத்தில்தான். இந்த மண்ணில் இருந்துகொண்டு யாக்கோபு 5:4-ஐ ஓடுகிற ஓட்டத்தில் வாசித்துவிட்டுப் போக முடியாது.

ஆனால் நடைமுறைச் சிக்கலையும் பேச வேண்டும், இல்லாவிட்டால் நிலம் வைத்திருப்பவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மா நிலத்துக்கு இவ்வளவு என்று பேசி நடவுக்கு ஆள் விடுகிறோம், கையில் காசு இல்லை, போன போகத்து நெல்லு கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று காய்ந்துகொண்டு கிடக்கிறது, போட்ட நெல்லுக்கும் பணம் வங்கிக் கணக்கில் ஏறுவதற்கு நாள் ஆகிறது. நடவு பெண்கள் சேற்றைக் கழுவிவிட்டு வாசலில் வந்து நிற்கும்போது 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்பதைத் தவிர வழியில்லை என்று தோன்றும். வழி இருக்கிறது. விதைநெல், உரம், டிராக்டர் வாடகை என்று கணக்குப் போடும்போதே நடவுக் கூலியையும் களையெடுப்புக் கூலியையும் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும், உரக்கடையில்தான் கடன் சொல்ல வேண்டும், ஆளிடம் சொல்லக் கூடாது. உரக்கடைக்காரர் இரண்டு மாதம் பொறுப்பார், அவர் வீட்டில் அடுப்பு எரியும். அதுவும் முடியவில்லை என்றால், வயலில் கால் வைப்பதற்கு முன்பே 'இன்றைக்குப் பாதி, பாக்கி இந்தத் தேதியில்' என்று சொல்லிவிட வேண்டும், வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்று நினைப்பவர்கள், அது பெண்கள் கைக்கு எவ்வளவாகப் போய்ச் சேருகிறது என்று ஒரே ஒரு முறை விசாரித்துப் பார்க்கட்டும்.

நிலம் இல்லாதவர்களுக்கு இந்தப் பாடம் பொருந்தாது என்று சொல்ல விடாதீர்கள். சபையே ஒரு முதலாளிதான். ஆலய வேலைகளைச் செய்கிற நம் கோயில் பிள்ளையைப் பாருங்கள். சனிக்கிழமை மத்தியானமே வந்து பெருக்குவார், வௌவால் புழுக்கையைச் சுரண்டி எடுப்பார், பீடத்துத் துணியைத் தட்டி விரிப்பார், பித்தளை மெழுகுவர்த்தித் தண்டை எலுமிச்சம்பழத் தோலும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார், மறுநாள் காலையில் மணி அடித்துவிட்டுச் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். அவர் சம்பளம் என்ன, போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் கொடுத்தோம்? பொருளாளர் ஊருக்குப் போய்விட்டார், காசோலையில் இரண்டாவது கையெழுத்து ஆகவில்லை என்று பத்து தேதி, பதினைந்து தேதி ஆகிற சபைகளை எனக்குத் தெரியும். யாக்கோபு 5 படிக்கும் வாரத்தில் கமிட்டி எடுக்க வேண்டிய தீர்மானம் ஒன்றே ஒன்று: ஒன்றாம் தேதி முதல் செலவு கோயில் பிள்ளை சம்பளம், மின்கட்டணம்கூட அதற்கு அப்புறம்தான். ஐயருக்கு உதவியாக ஊழியம் செய்கிற உபதேசியாருக்கும் இதே.

கடன் விஷயத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில் வயலையும் வீட்டையும் அடகு வைத்துத் தானியம் வாங்கிய ஜனங்கள் கதறுகிறார்கள், வட்டி வாங்கியவர்கள் வெளிநாட்டார் இல்லை, சொந்த சகோதரர்கள். உங்கள் சபையில் வட்டிக்கு விடுகிற ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால், அவரிடம் வாங்கியவர் அந்த ஆலயத்துக்கு வருவதை நிறுத்தியிருப்பார், நாம் அவரைப் 'பின்வாங்கிப்போனவர்' என்று ஜெபக்குறிப்பில் எழுதியிருப்போம். வாரக் குழுக்கடன் வசூலுக்கு ஆள் வருகிற நாளில் வீட்டுக் கூட்டம் வைக்காதீர்கள், பெண்கள் வர மாட்டார்கள். யாருக்கு எவ்வளவு கடன் என்று கூட்டத்தில் கேட்காதீர்கள், பெண்கள் சங்கத்தில் கேட்டதை வெளியே சொல்லாத இரண்டு பேர் வீட்டுக்குப் போய்த் தனியாகக் கேட்கட்டும்.

இனி உட்காரும் இடமும் சாப்பிடும் இடமும். இதுதான் நம் பக்கத்துச் சபைகள் தொடப் பயப்படுகிற இடம், அதனால் இதில் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

யாக்கோபு 2-ல் பொன்மோதிரக்காரர் வருகிறார், நல்ல இடம் கிடைக்கிறது, ஏழை வருகிறார், அங்கே நில் என்கிறார்கள். கலாத்தியர் 2:11 முதல் 14 வரை இன்னும் நெருக்கமானது. பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெதுவாக எழுந்து விலகிக்கொள்கிறார், பவுல் எல்லோருக்கும் முன்பாக நேருக்கு நேர் கேட்கிறார். பேதுரு உபதேசத்தில் தப்பு பண்ணவில்லை என்பதைக் கவனியுங்கள், பந்தியில்தான் தப்பு பண்ணினார். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபைகளில் 1833-ல் இதே விஷயம் வெடித்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கடிதம் அனுப்பினார், தஞ்சாவூரில் பெரிய எதிர்ப்பு, பலர் சபையை விட்டே போனார்கள். சரபோஜி காலத்துப் பெரும் புலவர், நாம் இன்றைக்கும் கண்ணில் நீர் வரப் பாடுகிற பாட்டுகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் அந்த விஷயத்தில் பழைய வழக்கத்தின் பக்கம் நின்றார். அவர் பாட்டை நான் விட மாட்டேன், அவர் நின்ற பக்கத்தை ஏற்கவும் மாட்டேன். இரண்டும் சேர்ந்ததுதான் நமக்கு வந்திருக்கிற சொத்து.

இன்றைக்கு யாரும் ஆலயத்தில் எழுந்து போ என்று சொல்வதில்லை. அதனால் இல்லை என்று ஆகிவிடுமா? பரிசோதிக்க வழி சொல்கிறேன். வீட்டுக் கூட்டங்கள் எந்தத் தெருவில் நடக்கின்றன, எந்தத் தெருவுக்கு இதுவரை போகவில்லை என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். காலனி வீட்டில் கூட்டம் நடந்தபோது அங்கே போட்ட டீயை எத்தனை பேர் குடித்தார்கள், எத்தனை பேர் 'எனக்கு சுகர்' என்று சொன்னார்கள் என்று பாருங்கள். அந்தச் சர்க்கரை வியாதி மாடிவீட்டுக் கூட்டத்தில் கேசரி சாப்பிடும்போது எங்கே போகிறது என்றும் பாருங்கள். கமிட்டியில், திருவிருந்தில் உதவி செய்பவர்களில், பாடகர் குழுவில் எந்தெந்த வீட்டுப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன? கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு வரப்பு இருக்கிறதா, இருந்தால் யார் போட்டது?

செய்ய வேண்டியதைப் பேச்சில் ஆரம்பிக்காமல் பந்தியில் ஆரம்பியுங்கள், பேச்சில் ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும். கொரிந்து சபையில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் குடித்து வெறியாயிருந்தான் என்று பவுல் எழுதினாரே, அது நம் கிறிஸ்துமஸ் விருந்தில் நடக்கிறது. முதல் பந்தியில் கமிட்டிக்காரர்களும் பெரிய வீட்டு விருந்தாளிகளும், பிரியாணியில் கறித்துண்டு புரளும். மூன்றாவது பந்தியில் சோறு இருக்கும், துண்டு தேடவேண்டும். கடைசிப் பந்தியில் பாத்திரத்தைச் சுரண்டுகிற சத்தம் கேட்கும், அப்போதுதான் கடைசித் தெரு ஆட்கள் உட்கார்வார்கள், ஏனென்றால் அவர்கள்தான் அதுவரை பரிமாறிக்கொண்டும் இலை எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். இதற்கு ஒரு விதி போதும்: கமிட்டி கடைசிப் பந்தியில் சாப்பிடும், அதுவரை கமிட்டிதான் இலை எடுக்கும். எங்கள் பக்கத்துக் கிராமச் சபை ஒன்றில் இதைச் செய்தார்கள். முதல் வருஷம் முறைப்பு, இரண்டு வீட்டார் விருந்துக்கே வரவில்லை. ஆனால் கறி மட்டும் கடைசிவரை மீந்தது, அளந்து பரிமாறுகிற அக்கறை திடீரென்று எல்லோருக்கும் வந்துவிட்டது.

அறுப்பின் பண்டிகையை அடுத்து எடுங்கள். லேவியராகமம் 23:22, ரூத் 2-ஆம் அதிகாரம். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. மெஷின் அறுப்பு வந்த பிறகு பொறுக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. மணிக்கணக்கு வாடகைக்கு ஓடுகிற மெஷினை ஓரத்தில் நிறுத்து என்று சொல்ல முடியாது. அப்படியானால் வயலின் ஓரம் இப்போது எது என்று வீட்டுக் கூட்டத்தில் பேசவையுங்கள். ஒருவர் களத்திலிருந்தே ஒரு மூட்டையைப் பிரித்து, சபையில் சேராத பக்கத்துவீட்டு விதவைக்குக் கொடுக்கலாம். சம்பா அறுப்புக்கு முன் உளுந்து, பயறு தெளிப்பவர்கள், முதல் பறிப்பு முடிந்ததும் மீதியை யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடலாம், ஆடு மாடு மேய்வதற்கு முன் நாலு படி தேறும். முக்கியமான விஷயம், வயல்காரன் போவாஸ், கதிர் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத்தை நிற்கவைத்துப் புகைப்படம் எடுக்கவில்லை. வேண்டுமென்றே கொஞ்சம் கதிரைச் சிந்தவிடச் சொன்னான், அவள் பொறுக்கினதாகவே இருக்கட்டும் என்று. இந்த நாசூக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாரை வீம்புக்கு ஏற்றிக் கேட்டுவிட்டு அடுத்த பண்டிகை வரை பாக்கி வைக்கிற வழக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும்.

சபைச் சண்டை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் வசனம் அவ்வளவு தெளிவு. மத்தேயு 18:15, முதலில் தனியாகப் போ. வாட்ஸ்அப் குழுவில் போடாதே. மத்தேயு 5:23, 24, காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு. கமிட்டித் தேர்தல் முடிந்து ஆறு மாதமாகப் பேசாமல் இருக்கிற இரண்டு பேர் ஒரே திருவிருந்து வரிசையில் முழங்கால்படியிட்டால் ஐயர்தான் அவர்களைத் தனித்தனியாகப் பார்த்துப் பேச வேண்டும், வருகிற மாதம் திருவிருந்துக்கு முன்பாக.

வளர்ச்சிக்கு வருவோம். வயல் வேலையின் பருவம் பார்த்து வேலை செய்யாத சபை இங்கே வளராது. மேட்டூர் ஜூன் 12 திறந்தாலும் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர நாளாகும், வந்ததும் நாற்று, நடவு, களை என்று பெண்கள் விடியற்காலையில் போய்விடுவார்கள், சாயங்காலம் முதுகு நிமிராது. அந்த வாரங்களில் உபவாசக் கூட்டம் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று சலித்துக்கொள்வது என்ன நியாயம்? நடவு நாட்களில் கூட்டம் ஏழரை மணிக்கு மேல், முக்கால் மணி நேரம், வரப்பு ஓரத்து வீட்டில். ஐப்பசி கார்த்திகை மழையில் தெருவுக்குத் தெரு சின்னக் கூட்டம். ஆறு காய்ந்து கிடக்கிற சித்திரை, வைகாசிதான் நீண்ட பாடத்துக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் ஏற்ற காலம், திருப்பூரிலும் சென்னையிலும் வேலைக்குப் போன பிள்ளைகளும் அப்போதுதான் வந்து போவார்கள்.

அப்போஸ்தலர் 6-ல் சபை பெருகியதும் வந்த முதல் புகார், விதவைகளுக்குச் சாப்பாட்டுப் பங்கீட்டில் சிலர் விடுபட்டார்கள் என்பது. அவர்கள் அதற்கு ஜெபக்கூட்டம் மட்டும் போடவில்லை, ஏழு பேரை நியமித்தார்கள். அதற்கு அடுத்த வரியில்தான் சீஷருடைய தொகை பெருகிற்று என்று வருகிறது. நீங்களும் நியமியுங்கள், ஏழு முடியாவிட்டால் மூன்று. அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்க வேண்டும்: தனியாக இருக்கிற முதியவர்கள், புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண்கள், மருந்துக்கு மாதாமாதம் போகிறவர்கள், மூன்று ஞாயிறு வராதவர்கள். போய்ப் பார்க்கும்போது பிரசங்கம் வேண்டாம், 'ஏன் கோயிலுக்கு வரவில்லை' என்ற கேள்வி வேண்டாம், காணிக்கைக் கவரைக் கையில் எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, போகும்போது ஒரு சின்ன ஜெபம்.

இந்தப் பட்டியல் புயலுக்கும் உதவும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தபோது தென்னை மொத்தமும் சாய்ந்து, கரண்டு இல்லாமல், கூரை இல்லாமல் கிடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போஸ்தலர் 11-ன் கடைசியில், பஞ்சம் வரும் என்று கேட்டதுமே அந்தியோகியாக்காரர்கள் அவரவர் திராணிக்குத் தக்கதாகப் பணம் திரட்டி பர்னபா, சவுல் கையில் கொடுத்தனுப்புகிறார்கள். அதேபோல் புரட்டாசிக்குள் தார்ப்பாய், கயிறு, பால் பவுடர், குளோரின் மாத்திரை வாங்கி ஆலயத்துப் பின்னறையில் வையுங்கள், யார் வீடு ஓட்டை, யாரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பது பட்டியலில் இருக்கட்டும். கதவைத் திறக்கும்போது எந்தச் சாமி என்று கேட்காதீர்கள், நிவாரண மூட்டைக்குள் துண்டுப்பிரதி வைக்காதீர்கள். குஷ்டம் நீங்கின நாகமானிடம் தீர்க்கதரிசி எலிசா ஒன்றும் வாங்கவில்லை, அவர் வேலைக்காரன் கேயாசிதான் பரிசு கேட்டுப் பின்னால் ஓடினான், கடைசியில் அந்தக் குஷ்டம் அவனைப் பிடித்தது. அரிசியைக் காட்டி ஆள் சேர்த்தால் வந்தவரும் தங்க மாட்டார், நம் பெயரும் ஊரில் கெடும், வசனத்துக்கும் அது அவமானம்.

புதியவர்கள் எப்படித்தான் வருவார்கள் என்றால், நான் பார்த்தவரையில், கூலி நேரத்துக்குக் கிடைத்த வீட்டிலிருந்தும் கடைசிப் பந்தியில் கறி கிடைத்த வீட்டிலிருந்தும் மெதுவாக வருவார்கள், வராமலும் இருக்கலாம். வந்தால் முதல் நாளே எழுப்பிவிட்டுப் பெயர் சொல்லச் சொல்லிக் கூச்சப்படுத்தாதீர்கள். யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைக் காட்டினால் போதும். வராதவர்களுக்கும் செய்யலாம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 திருவிழாவுக்கும் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்திக்கொண்டு நடந்து போகிறவர்கள் உங்கள் ஆலய வாசலைத்தான் கடக்கிறார்கள். சிலர் பாட்டுப் பாடிக்கொண்டு, சிலர் காலில் துணி சுற்றிக்கொண்டு. அவர்கள் வணக்கமுறை நமக்கு ஒத்துவருமா என்ற விவாதத்தை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், வெளியே தண்ணீர்த் தொட்டி வையுங்கள், பெண்களுக்குக் கழிப்பறையைத் திறந்துவிட்டு விளக்குப் போடுங்கள், ராத்திரி படுக்க வராந்தாவைக் கழுவிவிடுங்கள். வாலிபர் சங்கத்துக்கு இதைவிட நல்ல வேதபாடம் கிடையாது, வாளி தூக்கினால் வீட்டில் நன்றாகத் தூக்கமும் வரும்.

ஆண்டறிக்கையில் ஞானஸ்நானம் எத்தனை, திடப்படுத்தல் எத்தனை, காணிக்கை எவ்வளவு என்று எழுதுகிறோம், எழுதுங்கள். அதோடு ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள், பெயர் போடாமல்: எத்தனை சண்டை தீர்ந்தது, எத்தனை கூலிப் பாக்கி அடைந்தது, புதிதாக எந்தத் தெருவில் கூட்டம் வைத்தோம். நிலைமை தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு ஆபத்து. ஐயருக்கு மாறுதல் வரும். அவர் ஆரம்பித்ததை அவரோடு மூட்டை கட்டி அனுப்புவது நம் வழக்கம், அடுத்தவர் வந்து புதிதாக ஒன்றை ஆரம்பிப்பார். 2 தீமோத்தேயு 2:2-ல் ஒருவர் மற்றவருக்கு, அவர் இன்னொருவருக்கு என்று போகிறது. ஆகவே நோட்டை ஐயர் வீட்டில் வைக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டுக் கூட்டத்தையும் இரண்டு பேர் மாறிமாறி நடத்தட்டும், அதில் ஒருவர் பெண்ணாகவும் இன்னொருவர் முப்பது வயதுக்குக் கீழேயும் இருப்பது நல்லது. புது ஐயர் வந்ததும் முதல் வாரமே வீட்டுக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், பிரசங்கம் பண்ண இல்லை, பாயில் உட்கார்ந்து கேட்க. அவர் பெயருக்கு நேராகவும் ஒரு வரி எழுதுங்கள், அடுத்த வாரம் அவரையும் 'என்ன ஆச்சு ஐயா?' என்று விசாரியுங்கள்.